சுயநிதி பி.எட். கல்லூரியில் இருந்துகொண்டு ஆய்வுக்கு நிதி கேட்க முடியுமா?

கரிசல்காரி:

வணக்கம். கோவில்பட்டிப் பக்கம் ஒரு சுயநிதி பி.எட். கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். போன வருடம் பிஎச்.டி. முடிந்தது. அரசுப் பள்ளிகளில் உள்ள ஹைடெக் லேபை, அதாவது கம்ப்யூட்டர் அறையைக் கணக்கு ஆசிரியர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் தலைப்பு. பள்ளி பள்ளியாகப் போனபோது கண்ணில் பட்டது வேறு. லேப் பூட்டிக் கிடந்த பள்ளிகளிலும் ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் பாடக்குறிப்பு, சின்னச் சின்ன வீடியோ என்று ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். பாடநூலில் அச்சாகியிருக்கும் க்யூஆர் கோடை ஒருநாளும் ஸ்கேன் செய்யாதவர்கூட, பக்கத்து ஊர் டீச்சர் போனில் எடுத்த பின்னக் கணக்கு வீடியோவை வகுப்பில் போட்டுக் காட்டுகிறார். எந்த வீடியோ பரவுகிறது, எது அப்படியே கிடக்கிறது, ஏன்? ஒரு கல்வியாண்டு முழுக்கக் கூடவே இருந்து பார்க்க வேண்டும் என்று ஆசை.

பெரிய தொகை தேவையில்லை. பஸ் செலவு, ஒரு களப்பணியாளருக்குச் சம்பளம், பேட்டிகளைக் கேட்டு எழுதுபவருக்குக் கூலி, நல்ல ரெக்கார்டர் ஒன்று. நாலு லட்சத்துக்குள் முடித்துவிடலாம். ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கியவர்களுக்கு மாதம் 37,000 ரூபாய் வருகிறது. நான் நெட் என்ற விரிவுரையாளர் தகுதித் தேர்வில் பாஸ் மட்டும், அந்த உதவித்தொகை கிடைக்கவில்லை என்பதால் பிஎச்.டி. முழுக்கச் சொந்தக் காசு. இன்னொரு முறை அப்படிச் செய்ய வீட்டில் விடமாட்டார்கள். எங்கே விண்ணப்பிக்கலாம்? வெளிநாட்டு நிதியெல்லாம் எங்களைப் போன்றவர்களுக்கு வருமா?

தரமணி டீக்கடை:

கேள்வி அருமையாக இருக்கிறது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உள்நாட்டில் ஐசிஎஸ்எஸ்ஆர். 1969-இலிருந்து சமூக அறிவியல் ஆய்வுக்குப் பணம் கொடுக்கும் மத்திய அமைப்பு. கல்வியியலும் அதற்குள் வரும். அறிவியல் ஆய்வுக்கு நிதி கொடுத்த பழைய எஸ்இஆர்பி என்ற மத்திய வாரியம், இப்போது 2023 சட்டப்படி ஏஎன்ஆர்எஃப் என்ற தேசிய ஆய்வு நிதி அமைப்பாகிவிட்டது. அதில் இளம் ஆய்வாளர்களுக்கென்றே மானியம் உண்டு, ஆனால் அறிவியல், பொறியியல்காரர்களுக்கானது. கல்வித் தொழில்நுட்பம் இரண்டு பக்கமும் இடிபடும் துறை. அங்கே போனால் "இது கல்வியியல்" என்பார்கள், இங்கே வந்தால் "இதில் கம்ப்யூட்டர்தானே இருக்கிறது" என்பார்கள்.

வெளியே என்றால் சிகாகோவில் இருக்கும் ஸ்பென்சர் அறக்கட்டளை. கல்வி ஆய்வுக்கென்றே இருப்பது. அதன் சிறு மானியம் 50,000 டாலர் வரை. அமெரிக்கராக இருக்க வேண்டியதில்லை, விண்ணப்பம் ஆங்கிலத்தில், பட்ஜெட் டாலரில். கனடாவின் ஐடிஆர்சி என்ற ஆய்வு நிதி நிறுவனம் சேர்ந்து நடத்தும் கிக்ஸ் என்ற கல்வி ஆய்வு நிதி நேபாளம், வங்கதேசம் போன்ற நாடுகளுக்கு உண்டு, இந்தியாவுக்கு இல்லை. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டை 2025-இல் மூடிவிட்டார்கள். பிரிட்டனும் 2027-க்குள் வெளிநாடுகளுக்குக் கொடுக்கும் உதவியைத் தேசிய வருமானத்தில் 0.3 சதவீதமாகக் குறைக்கிறது. அதனால் இருக்கும் நிதிக்கே இனி கூட்டம் அதிகம்.

பழைய கணக்குப்பிள்ளை:

மேடம், நான் பேராசிரியர் இல்லை. ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வுத் திட்டங்களின் கணக்கைப் பார்த்த பிரிவில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி சொன்ன முகவரிகள் எல்லாம் சரி. ஆனால் திட்டப் பணம் உங்கள் பெயருக்கு வராது, உங்கள் நிறுவனத்தின் பெயருக்குத்தான் வரும். ஸ்பென்சரும் நிர்வகிக்கும் நிறுவனம் ஒன்றைக் காட்டச் சொல்லும். எனவே உங்கள் ப்ரொபோசலை ஒருவர் படிக்கும் முன்பே உங்கள் கல்லூரியின் காகிதங்களைப் பார்த்துவிடுவார்கள். இளம் ஆசிரியர்கள் மூன்று மாதம் உட்கார்ந்து ப்ரொபோசல் எழுதிவிட்டு, கடைசி வாரம் எங்கள் மேசைக்கு வந்து நிற்பார்கள். வரிசை அப்படியே தலைகீழாக இருக்க வேண்டும்.

முதலில் உங்கள் ஆபீசில் கேளுங்கள்: பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) சட்டத்தில் வரும் 2(எஃப்) பிரிவுத் தகுதி இருக்கிறதா, 12(பி) இருக்கிறதா? 2(எஃப்) அங்கீகாரம். 12(பி) இருந்தால்தான் மத்திய நிதி வாங்கத் தகுதி. சுயநிதிக் கல்லூரிகளில் பலவற்றிடம் முதலாவது இருக்கும், இரண்டாவது இருக்காது. ஐசிஎஸ்எஸ்ஆர் இரண்டையும் பார்க்கும்.

வெளிநாட்டுப் பணம் என்றால் எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் சட்டம். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளையில்தான் வந்து இறங்க முடியும். நிறுவனம் அந்தச் சட்டத்தில் பதிவு பெற மூன்று வருடம் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் தன் பணிகளுக்குச் செலவழித்திருக்க வேண்டும். உங்களைப் போன்றவர்களுக்கு முக்கியமானது அடுத்தது. பதிவு பெற்ற அமைப்பு, வாங்கிய மானியத்தை இன்னொருவருக்குக் கைமாற்றக் கூடாது. முன்பெல்லாம் மதுரையில் ஒரு பெரிய தொண்டு நிறுவனம் வாங்கி, கோவில்பட்டியில் ஒரு சின்னக் கல்லூரிக்குப் பிரித்துக் கொடுக்கலாம். இப்போது அந்த வழி அடைபட்டுவிட்டது. அவர்கள் தங்கள் திட்டத்தில் உங்களைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். சட்டத்தால் உருவாக்கப்பட்டு, மத்திய கணக்குத் தணிக்கைத் தலைவரின் (சிஏஜி) தணிக்கைக்குக் கட்டாயம் உட்பட்ட அமைப்புகளுக்கு விலக்கு உண்டு. அரசுப் பல்கலைக்கழகம் ஏதாவது அந்த வகையில் வருகிறதா என்று விசாரியுங்கள்.

இன்னொன்று, பணம் தவணையாகத்தான் வரும். முதல் தவணைக்குச் செலவுச் சான்றிதழ் கொடுத்தால்தான் அடுத்தது. மத்திய அரசின் பொது நிதி விதிகளில் உள்ள ஜிஎஃப்ஆர் 12-ஏ படிவம், ஆடிட்டர் கையெழுத்தோடு. கணக்கில் கிடந்த பணத்துக்கு வங்கி போட்ட வட்டியையும் அரசுக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். கடைசித் தவணை இறுதி அறிக்கையை ஏற்றுக்கொண்ட பிறகு. அதற்குள் களப்பணியாளர் சம்பளத்துக்கு வளையலை அடகு வைத்த ஒரு விரிவுரையாளரை எனக்குத் தெரியும். பட்ஜெட் போடும்போதே பெரிய செலவுகள் கடைசித் தவணைக்குப் போகாதபடி அமைத்துக்கொள்ளுங்கள்.

வாவிக்கரை:

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். கணக்குப்பிள்ளை ஐயா கைமாற்றம் பற்றிச் சொன்னதை வாசித்தபோது மனம் கனத்துவிட்டது. எங்கள் துறையில் இளம் ஆய்வாளர்களை வளர்த்தெடுத்ததே அந்த முறைதான்.

2013 தொடக்கம் 2017 வரை ஐடிஆர்சி நிதியில் ரோயர்ஃபோர்டி என்ற திட்டம் நடந்தது. யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தி, மாற்றிக்கொள்ளக்கூடிய திறந்த கல்வி வளங்கள் பற்றி, வளரும் நாடுகளின் ஆய்வாளர்களே செய்த ஆய்வு. கேப் டவுன் பல்கலைக்கழகமும் மலேசியாவின் வவாசன் திறந்த பல்கலைக்கழகமும் நிதியைக் கையாண்டு, 21 நாடுகளில் 18 சிறு திட்டங்களுக்குப் பகிர்ந்தன. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும் ஆசிரியர் கல்வி பற்றிய ஒரு பகுதியைச் செய்தது. பெரிய நிதி நிறுவனத்துக்கு அறிக்கை எழுதுகிற தலையிடி நடுவில் இருந்தவர்களுக்கு, ஆய்வுமுறையில் இடறினால் கைகொடுக்க ஆட்களும் இருந்தார்கள். ஒரு தனி விரிவுரையாளர் 50,000 டொலர் மானியத்தைச் சுமப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

எங்கள் பக்கம் உலக வங்கிக் கடனில் அஹெட் திட்டம் இருந்தது, பல்கலைக்கழகங்களுக்கு ஆய்வு மானியங்கள் வந்தன. இடையில் 2022 பொருளாதார நெருக்கடி. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதம் 360. ரூபாவில் பட்ஜெட் போட்டு டேப்லெட் வாங்கக் காத்திருந்தவர்கள் என்ன செய்வார்கள்? நான் பாதி எண்ணிக்கைதான் வாங்கினேன், மாதிரியின் அளவையும் குறைக்க வேண்டி வந்தது. டொலரில் விலை போகும் எதையும் முதல் மாதத்திலேயே வாங்கிவிடுங்கள்.

கட்டுரையை வெளியிட ஆய்விதழ்கள் கேட்கும் கட்டணத்தையும் யோசியுங்கள். கட்டண விலக்குப் பட்டியல்களில் பெரும்பாலும் இந்தியா இருப்பதில்லை. கனடாவின் அத்தபாஸ்கா பல்கலைக்கழகம் நடத்தும் ஐஆர்ஆர்ஓடிஎல் போன்ற இதழ்கள் எழுதுபவரிடமும் வாசிப்பவரிடமும் காசு கேட்பதில்லை. முதலில் அங்கே அனுப்புங்கள்.

கரிசல்காரி:

எல்லாருக்கும் நன்றி. இன்று ஆபீசில் கேட்டுவிட்டேன். சார் சொன்னபடியே, 2(எஃப்) இருக்கிறது, 12(பி) இல்லை. "அது எதுக்கு உங்களுக்கு?" என்று ஒரு கேள்வி வேறு. எஃப்சிஆர்ஏ பேச்சை எடுக்கவே இல்லை.

என் கைடு ஒரு அரசு உதவிபெறும் கல்லூரியில் இருக்கிறார், அங்கே இரண்டும் உண்டு. அவரைத் திட்டத் தலைவராகப் போட்டு, நான் இணை ஆய்வாளராகச் சேரலாமா? அவர் நல்லவர்தான். ஆனால் இன்னும் மூன்று வருடத்தில் ஓய்வு. என் யோசனை கடைசியில் அவர் பெயரில் போய்விடுமோ என்று ஒரு தயக்கம், மறைக்க விரும்பவில்லை.

பழைய கணக்குப்பிள்ளை:

சேரலாம் மேடம், அதுதான் இப்போதைக்கு நடக்கிற வழி. தயக்கத்தை இங்கே சொன்னதுபோல அவரிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். எந்தக் கட்டுரையில் யார் முதல் பெயர், தரவு யாரிடம் இருக்கும் என்று ஒரு பக்கம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நல்ல மனிதர் என்றால் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். மூன்று வருடம் தாராளம், பன்னிரண்டு மாதத் திட்டமாகவே போடுங்கள்.

பள்ளிக்கல்வித் துறை அனுமதிக்கு இப்போதே எழுதுங்கள். சில பள்ளிகள்தான் என்றால் முதன்மைக் கல்வி அலுவலரிடம் தொடங்கலாம். அவர் சென்னைக்கு அனுப்பச் சொன்னால் கல்லூரிச் சாலை இயக்குநரகம்தான். நிதி வந்து அனுமதி வராமல் தவணைக்காலம் ஓடிப்போன கோப்புகள் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆடிட்டர் கட்டணத்தைப் பட்ஜெட்டில் தனி வரியாகப் போடுங்கள், எல்லாரும் மறப்பது அதைத்தான். அப்புறம் அந்த ரெக்கார்டர். திட்டப் பணத்தில் வாங்கினால் முடிந்ததும் அது உங்கள் கைடு கல்லூரியின் ஸ்டாக் ரெஜிஸ்டரில்தான் இருக்கும். அதை மட்டும் சொந்தக் காசில் வாங்கிக்கொள்ளுங்கள்.