'தொழிற்படு ஞாபகம்' சரியா? வெள்ளிக்கு முன் ஒரு சொல் வேண்டும்

நல்லூர் ஆசிரியை:
எல்லோருக்கும் வணக்கம். ஆசிரியர் பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு பந்தியில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். "17, 8, 25 மூன்றையும் கூட்டி ஐந்தால் வகு" என்று வாயால் சொல்கிறோம். ஒரு பிள்ளை எண்களைப் பிடித்துக்கொண்டே கணக்கையும் செய்து 10 என்கிறது. பக்கத்துப் பிள்ளை 50 வரை வந்துவிட்டு, "எத்தனையால் வகுக்கிறது ரீச்சர்?" என்று கேட்கிறது. ஆங்கிலத்தில் 'working memory' என்கிற அந்தச் சில விநாடிப் பிடிப்புக்குத்தான் தமிழ்ப் பெயர் வேண்டும். 'ஞாபகசக்தி' என்று போட்டால் தாய்மார் வல்லாரைச் சம்பல் அரைக்கத் தொடங்கிவிடுவார்கள். 'தொழிற்படு ஞாபகம்' சரிவருமா?

பருத்தித்துறை வாத்தியார்:
பிள்ளை, ஞாபகம் வடசொல். 'உள்ளல்' இருக்கக் கடன் எதற்கு? உள் என்ற அடியிலிருந்துதான் உள்ளம், உள்ளுதல், உள்ளுநர் எல்லாம். "உள்ளுவன் மன்யான் மறப்பின்" என்பது குறள். ஆகவே 'வினையுள்ளல்' என்று போடும்.

சென்னை நண்பர்:
'செயல்நினைவு' போதாதா? தொழிற்படு என்றால் எங்களுக்குத் தொழிற்சாலை ஞாபகம் வருகிறது.

கொக்குவில்:
எங்களுக்குச் சிறுநீரகமே தொழிற்படுகிறது ஐயா, சின்ன வகுப்பிலிருந்து. அது கிடக்க, வாத்தியார் விலக்குகிற ஞாபகம் தொல்காப்பிய மரபியலிலேயே 'ஞாபகம் கூறல்' என்று நூல் எழுதும் உத்திகளில் ஒன்றாக நிற்கிறதே?

பருத்தித்துறை வாத்தியார்:
அங்கே பொருள் வேறு தம்பி.

மானிப்பாய் டொக்டர்:
மாஸ்டர், உங்கள் குறளே உங்களுக்கு எதிர்ச்சாட்சி. மறந்தால்தானே உள்ளுவேன் என்கிறான் தலைவன். அது போனதை மீட்பது. ரீச்சர் கேட்பது நழுவவிடாமல் வைத்திருப்பது. இரண்டும் ஒன்றல்ல. 1953 இல் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்புக்காக மூளையின் இருபுறமும் ஹிப்போகாம்பஸ் என்ற, புது நினைவுகளைப் பதியவைக்கும் பகுதியை வெட்டி எடுத்தார்கள். சொன்ன இலக்கங்களை அவரால் உடனே திருப்பிச் சொல்ல முடிந்தது. ஆனால் கவனம் கலைந்தால் சற்று முன் நடந்ததே நினைவில் இல்லை. எல்லாம் ஒரே 'சக்தி' என்றால் ஒன்று போய் மற்றது எப்படித் தங்கும்?

புலோலி:
எங்கள் ஊர்ச் சதாவதானி கதிரைவேற்பிள்ளையை மறந்துவிட்டீர்களே! ஒரே நேரத்தில் நூறு விடயங்களில் கவனம் வைத்தவரைக் கொண்டாடிய மண் இது. 'அவதானக் கொள்ளளவு' என்று வையுங்கள்.

மானிப்பாய் டொக்டர்:
அவதானம் என்றால் பிள்ளைகள் ஆய்வுகூட அவதானிப்பு என்று நினைப்பார்கள். அதோடு சதாவதானம் பெரும்பாலும் பயிற்சி. உளவியலாளர் எரிக்சன் குழுவின் 1980 ஆய்வில், சாதாரணமாக ஏழு இலக்கம் சொல்லக்கூடிய ஒரு மாணவர் பழகிப் பழகி ஏறத்தாழ எண்பதுக்குப் போனார். ஓட்டக்காரர் என்பதால் இலக்கங்களை ஓட்ட நேரங்களாகக் கட்டிக்கட்டி வைத்திருந்தார். எழுத்துகளைக் கொடுத்ததும் பழையபடி ஆறு! உத்தியும் முன்னறிவும்தான் கூடின, பிடிப்பு அப்படியே இருந்தது. ஆளுக்காள் வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று பிரித்துச் சொல்லத்தானே ரீச்சர் தனிச்சொல் கேட்கிறார்?

கொக்குவில்:
மானிப்பாயில் கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் படிப்பித்தார். நாங்கள் ஒரு சொல்லுக்கு ஒரு கிழமையாக அடிபடுகிறோம். என் வாக்கு தொழிற்படு ஞாபகத்துக்கு.

சென்னை நண்பர்:
சரி, உங்கள் கையேடு. அடைப்புக்குள் 'செயல்நினைவு' என்றும் போட்டுவிடுங்கள், இங்கே படிப்பவர்களுக்கு உதவும்.

நல்லூர் ஆசிரியை:
அப்படியே போடுகிறேன். அளவைச் சொல்லும் இடத்தில் 'பிடிப்பளவு' என்று எழுதியிருக்கிறேன், அதற்கும் சண்டை வேண்டாம். நன்றி.

பருத்தித்துறை வாத்தியார்:
என் மறுப்பைப் பதிந்துகொள்ளும். 'ஞாபகம் கூறல்' பற்றித் தொல்காப்பிய உரையாசிரியர்கள் இளம்பூரணரையும் பேராசிரியரையும் வைத்து நாளைக்குத் தனி மடல் போடுகிறேன்.