வீட்டு வைஃபை போனில் வருகிறது, லேப்டாப்பில் பெயரே காட்டவில்லை. அவசரம்!

புளியரைக்காரன்:
வணக்கம். எங்கள் வீட்டு வைஃபை லேப்டாப்பில் வரமாட்டேன் என்கிறது. பாஸ்வேர்டு கேட்கும் வரைக்கும்கூடப் போகவில்லை, பட்டியலில் பெயரே இல்லை. அடுத்த வீட்டு வைஃபை தெரிகிறது. என் போனில் நன்றாக ஓடுகிறது. தங்கச்சியின் கல்லூரி விண்ணப்பம் நாளையோடு முடிகிறது. சான்றிதழ் எல்லாம் லேப்டாப்பில்தான் இருக்கிறது. யாராவது உடனே சொல்லுங்கள்.

சாரல்_தென்காசி:
என்ன லேப்டாப்? விண்டோஸ் 10ஆ 11ஆ? இதற்கு முன் எப்போதாவது அந்த வைஃபையில் சேர்ந்ததா, இல்லை புதிதாகச் சேர்க்கிறீர்களா?

சர்வீஸ்கடை_செங்கோட்டை:
வைஃபை கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர்தான் காரணம். கடைக்கு வருவதில் பாதி இதுதான். டிவைஸ் மேனேஜருக்குப் போய் நெட்வொர்க் அடாப்டரை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள், தானாக வந்து உட்காரும். டிரைவரை அழிக்கவா என்று கேட்டால் டிக் போடாதீர்கள். நெட் இல்லாத நேரத்தில் அதையும் அழித்தால் திரும்ப இறக்க வழி இருக்காது.

மலையோரம்:
தம்பி, நீங்கள் புளியரை. கேரள எல்லையில் கோட்டைவாசல் பக்கத்தில் இருக்கிற எல்லோருக்கும் இந்தத் தொல்லை உண்டு. கேரள டவர் ஒரு பக்கம், நம் டவர் ஒரு பக்கம். இரண்டு சிக்னலும் மோதும் இடத்தில் வைஃபை எப்படி நிற்கும்? ரவுட்டரை வீட்டின் கிழக்குப் பக்கம் மாற்றிப் பாருங்கள்.

நெட்வொர்க்_வாத்தியார்:
இந்தக் கேள்விக்கு இங்கே பலமுறை பதில் சொல்லியாகிவிட்டது. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. வைஃபைக்கு 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை. உங்கள் ரவுட்டர் 5இல் ஓடும், பழைய லேப்டாப்புக்கு 2.4 மட்டும்தான் தெரியும். அடிப்படை இது. யூஎஸ்பியில் செருகும் வைஃபை டாங்கிள் ஒன்று வாங்கிப் போட்டால் தீர்ந்தது.

மலையோரம் அவர்களே, மொபைல் டவர் வேறு, வைஃபை வேறு. தெரியாததைச் சொல்லிக் குழப்ப வேண்டாம்.

மலையோரம்:
வாத்தியாரே, எனக்கும் கொஞ்சம் தெரியும். இங்கே 4ஜி ஓடுகிற அலைவரிசைகளில் ஒன்று 2300 முதல் 2400 மெகாஹெர்ட்ஸ் வரை. வைஃபை 2400இல் ஆரம்பிக்கிறது. ஒட்டிக்கொண்டு இருக்கிறதா இல்லையா?

நெட்வொர்க்_வாத்தியார்:
ஒட்டியிருந்தால் வேகம் கொஞ்சம் குறையலாம், அதுவும் அந்த அலைவரிசையின் முதல் பிரிவான முதல் சேனலில். பெயரே மறையாது. அடுத்த வீட்டு வைஃபை தெரிகிறது என்று எழுதியிருக்கிறாரே, அதைப் படித்தீர்களா?

புளியரைக்காரன்:
விண்டோஸ் 10. அடாப்டரை அன்இன்ஸ்டால் செய்து பார்த்துவிட்டேன், அப்படியேதான் இருக்கிறது. போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் லேப்டாப் உடனே பிடிக்கிறது. ஆனால் வீட்டுக்குள் டேட்டா ஒரு கோடுதான், ஃபைல் ஏறவே இல்லை. டாங்கிள் வாங்கத் தென்காசி போக வேண்டும், இன்று முடியாது. போன வாரம் வரை இதே வைஃபை இதே லேப்டாப்பில் ஓடியது.

அம்பநாடு_எஸ்டேட்:
தம்பி, கடைசி வரியை முதலிலேயே சொல்லியிருக்கலாம். போன வாரம் வரை ஓடியது என்றால் வாத்தியார் சொல்கிற 5 கிகாஹெர்ட்ஸ் விஷயம் தனியாக நிற்காது. ஹாட்ஸ்பாட்டைப் பிடிக்கிறது என்றால் டிரைவரும் கார்டும் நல்லபடியாக இருக்கின்றன. ரவுட்டர் பக்கம்தான் ஏதோ மாறியிருக்கிறது.

மூன்று விஷயம் வேண்டும். டிவைஸ் மேனேஜரில் வயர்லெஸ் கார்டின் முழுப் பெயர். இடையில் கரண்ட் போனதா, ரவுட்டரை யாராவது அணைத்துப் போட்டார்களா? லேப்டாப் எங்கே வாங்கியது?

சர்வீஸ்கடை_செங்கோட்டை:
எங்கே வாங்கினால் என்ன அண்ணே? பில் கேட்கிறீர்களா?

புளியரைக்காரன்:
கார்டு: இன்டெல் சென்ட்ரினோ வயர்லெஸ்-என் 2230. காற்று மழையில் கரண்ட் போய்ப் போய் வந்தது, அதற்கப்புறம்தான் இந்தத் தொல்லை. லேப்டாப் சித்தப்பா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது, அவர் அங்கே வைத்திருந்த பழையது. கொல்லத்தில் பேட்டரி மட்டும் மாற்றினோம். அதுவா காரணம்?

அம்பநாடு_எஸ்டேட்:
பேட்டரி இல்லை, அமெரிக்காதான் காரணம்.

2.4 கிகாஹெர்ட்ஸில் நம் நாட்டில் 1 முதல் 13 வரை சேனல் உண்டு. அமெரிக்காவுக்கென்று வந்த கார்டுகள் பெரும்பாலும் 11உடன் நின்றுவிடும். 12, 13இல் என்ன ஓடினாலும் அவற்றின் காதில் விழாது, அதனால் பெயரும் வராது. உங்கள் ரவுட்டரில் சேனல் ஆட்டோவில் இருக்கும். கரண்ட் போய் வரும்போதெல்லாம் அது நெரிசல் இல்லாத சேனலைத் தேடிப் போய் உட்காரும். இந்த முறை 12 அல்லது 13க்குப் போயிருக்க வேண்டும்.

இன்டெல்லில் அட்வான்ஸ்ட்-என் என்று பெயர் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸும் வரும். உங்களுடையது வெறும் வயர்லெஸ்-என், 2.4 மட்டும். அதனால் அந்த வழியாகவும் பிடிக்க முடியாது. போனுக்கு இரண்டும் தெரியும் என்பதால் அதில் எதுவும் தெரியாமல் போகவில்லை. போனில் வைஃபை அனலைசர் ஆப் ஒன்று போட்டு எந்தச் சேனல் என்று பாருங்கள்.

சாரல்_தென்காசி:
13 என்றால் 2472 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டும். 6 என்றால் 2437.

புளியரைக்காரன்:
ஒரே பெயரில் இரண்டு வரி வருகிறது. ஒன்று 5 கிகாஹெர்ட்ஸில் 36, இன்னொன்று 13. 2472 என்றுதான் இருக்கிறது!! இனி என்ன செய்ய?

அம்பநாடு_எஸ்டேட்:
போனை வைஃபையில் சேர்த்துவிட்டு, பிரவுசரில் ரவுட்டரின் முகவரியைப் போடுங்கள். பெரும்பாலும் 192.168.1.1. உள்ளே போகிற பாஸ்வேர்டு ரவுட்டரின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். வயர்லெஸ் 2.4 பக்கத்தில் சேனல் ஆட்டோ என்பதை எடுத்துவிட்டு 1, 6, 11 இவற்றில் ஒன்றைப் போடுங்கள். இந்த மூன்றும்தான் ஒன்றோடொன்று உரசாது. அடுத்த வீட்டு வைஃபை எதில் இருக்கிறதோ அதை விட்டு வேறொன்று. சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். வேறு எதையும் தொட வேண்டாம், முக்கியமாக ஃபைபர் இணைப்பு சம்பந்தப்பட்ட பக்கத்தை.

நெட்வொர்க்_வாத்தியார்:
நான் சொன்னதும் அதுதான், கார்டுக்கு 5 வராது என்று. டாங்கிள் போட்டிருந்தால் இவ்வளவு எழுதவே தேவையில்லை.

அம்பநாடு_எஸ்டேட்:
வாத்தியாரே, கையில் இருக்கிற பொருளை வைத்தே ஒரு பிள்ளையின் விண்ணப்பம் போகும் என்றால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். டாங்கிளுக்கு ராத்திரி எட்டு மணிக்கு எங்கே போவார்?

மலையோரம்:
அப்போது டவருக்குச் சம்பந்தமே இல்லை என்கிறீர்களா? எங்கள் வீட்டில் ரவுட்டரைக் கிழக்கே மாற்றிய பிறகுதான் சரியானது.

சாரல்_தென்காசி:
அண்ணாச்சி, உங்கள் வீட்டில் மேற்குச் சுவர் கருங்கல் என்று முன்பு எழுதியிருந்தீர்களே. கல் சுவரைத் தாண்டி வைஃபை வருவது சிரமம். அதிலிருந்து விலகியதால் சரியாகியிருக்கும்.

மலையோரம்:
கல் சுவர் அப்பா காலத்திலிருந்து இருக்கிறது. தொல்லை அந்த டவர் வந்த பிறகுதான்.

புளியரைக்காரன்:
6 போட்டேன், பெயர் வந்துவிட்டது. விண்ணப்பம் ஏறிவிட்டது. அம்பநாடு அண்ணனுக்கு ரொம்ப நன்றி.

கோட்டைவாசல்_கடை:
இதே இழையில் கேட்கலாமா? எனக்கு லேப்டாப்பில் புளூடூத் மவுஸ் அடிக்கடி அறுந்து போகிறது. வைஃபை நன்றாக இருக்கிறது.

சாரல்_தென்காசி:
என்ன லேப்டாப்? வைஃபை 2.4இலா 5இலா? புளூடூத்தும் 2.4இல்தான் ஓடும், அதனால் கேட்கிறேன்.