மறு: செயற்கைக்கோள் ‘தடம்’ வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம்.

இரவு வானப் படங்களைச் சீராக்கும் வான்பட மென்பொருளின் மொழிபெயர்ப்பில், படத்தில் செயற்கைக்கோள் விழுத்தும் கோட்டைக் கண்டறியும் வசதிக்கு ‘செயற்கைக்கோள் தடமறிதல்’ என்று போட்டிருப்பது எனக்கு இடறுகிறது. தடமறிதல் என்பது பெங்களூருவில் இஸ்ரோவின் செயற்கைக்கோள் கண்காணிப்பு மையமான இஸ்ட்ராக்கில் நடக்கிற வேலை. ஆண்டெனாவைத் திருப்பித் திருப்பி செயற்கைக்கோளைப் பின்தொடர்வது. நாம் தேடுவது, ஷட்டர் 30 நொடி திறந்திருக்கும்போது அது படத்தில் இழுத்துவிட்டுப் போகிற கோட்டை.

‘தடம்’ வேண்டாம் என்றால் வேறென்ன? குழுவில் ஐயா ஒருவர் சொன்ன ‘சுவடு’ காதுக்கு இனிமைதான். ஆனால் ஆள் போன பிறகும் மண்ணில் கிடந்தால்தானே சுவடு? வானத்தில் இங்கே ஒன்றும் மிஞ்சுவதில்லை.

குழுவில் வந்த இன்னொரு சொல்லான ‘கீற்று’க்கு முதலில் நானும் கை தூக்கினேன். கார்த்திகைக் கடைசியில் ஜெமினிட் எரிகல் பொழிவுக்காக விடிய விடியப் பனியில் நின்று படமெடுத்தேன். படங்களை அடுக்கிச் சேர்த்தபோது, சிக்கியிருந்த ஒரே நல்ல எரிகல்லையும் மென்பொருள் செயற்கைக்கோள் என்று நினைத்துத் துடைத்துவிட்டது. மூலப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எரிகல் மெலிதாகத் தொடங்கி, நடுவில் பருத்து, முனையில் கூம்பியிருந்தது. லேசான பச்சைச் சாயல் வேறு. அசல் ஓலைக்கீற்று! அடுத்த படத்துச் செயற்கைக்கோளோ இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே தடிமனில், ஸ்கேல் வைத்து இழுத்தது போல. (விமானம் புள்ளி புள்ளியாக மினுக்கும், அதில் குழப்பமில்லை.)

ஆகவே கீற்றை எரிகல்லுக்கே விட்டுவிடுவோம்: எரிகற்கீற்று. செயற்கைக்கோள் கோட்டுக்கு என் பரிந்துரை ‘கீறல்’. கீறல் விழுந்த ரெக்கார்டு என்கிறோமே, அதே கீறல். பழுது படத்தில்தான் என்பதைச் சொல்லே காட்டிவிடுகிறது.

இதற்கெல்லாம் தனிச்சொல்லா என்று ஒருவர் கேட்டிருந்தார். 2002 முதல் 2021 வரை ஹபிள் எடுத்த படங்களை ஆராய்ந்ததில் 2.7 விழுக்காட்டில் இந்தக் கோடுகள் இருந்தன. பூமியைச் சுற்றிவரும் தொலைநோக்கிக்கே இந்தக் கதி.

இன்னொன்று. படத்தில் கோடு தேடப் பலரும் பயன்படுத்துவது ஹஃப் உருமாற்றம் என்ற கணக்கீட்டு முறை. ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் தன் வழியே போகக்கூடிய எல்லாக் கோடுகளுக்கும் ஓட்டுப் போடும். அதிக ஓட்டு வாங்கிய கோடு ஜெயிக்கும். 1962-இல் காப்புரிமை பெற்ற இந்த முறை, குமிழிக்கலப் படங்களில் (திரவம் நிறைந்த கலத்தில் அணுத்துகள்கள் போகும் வழியெல்லாம் குமிழ்கள் தோன்றும்) துகள்கள் போன வழியைக் கண்டுபிடிக்கப் பிறந்தது. அங்கே ‘தடம்’ பொருந்தும். துகள் நிஜமாகவே குமிழ்களை விட்டுச் சென்றது.

> லென்சில் விழுந்த கீறலோடு குழம்பாதா?

குழம்பாது. லென்சுக் கீறல் குவியத்துக்கு வெளியே இருப்பதால் படத்தில் கூர்மையான கோடாக விழாது. பழைய பிலிம் சுருளில் நெட்டுக்குத்தாக ஓடும் கீறல்தான் போட்டிக்கு வரும். அது வான்பட மென்பொருளுக்குள் வரப்போவதில்லை.

என் வாதப்படி, நெடுநேரம் ஷட்டரைத் திறந்துவைத்தால் விண்மீன்கள் படத்தில் இழுக்கும் கோட்டைச் சொல்லும் ‘விண்மீன் தடம்’ கூடத் தவறுதானே என்று யாராவது பிடிப்பீர்கள். தவறுதான். ஆனால் அது ஊறிப்போன சொல், நான் கை வைக்கவில்லை.

மெனுவுக்கு ‘கீறல் கண்டறி’, ‘கீறல் நீக்கு’. உதவிப் பக்கத்தில் மட்டும் ‘செயற்கைக்கோள் கீறல்’ என்று முழுதாகப் போடலாம். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.