அப்பாவின் ரேடியோக்களை மியூசியமாக்க வழி சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. அப்பா ரேடியோ மெக்கானிக். அவர் விட்டுப்போன வால்வு ரேடியோ, ஸ்பூல் டேப் ரெக்கார்டர், எச்எம்வி கிராமபோன் என்று 140 உருப்படி மாடியில் கிடக்கிறது; ஒரு மர்ஃபி ரேடியோவுக்குள் ரேடியோ வைத்திருக்க அந்தக் காலத்தில் தபால் ஆபீஸில் பணம் கட்டிய லைசென்ஸ் புத்தகம்கூட முத்திரையோடு அப்படியே இருக்கிறது. கீழ்வீட்டைக் காலி செய்து, ஊர்ப் பிள்ளைகள் வந்து பார்க்கும்படி வைக்க ஆசை. டிரஸ்ட் பத்திரம் பதிவதா, 1975ஆம் வருடச் சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவதா, எது தேவலை? சங்கம் என்றால் 7 பேராவது வேண்டும், எங்கள் வீட்டில் தேறுவது நாலுதான்.

அப்புறம், ஒன்றிரண்டாவது பாட வேண்டும். உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர் காய்ந்திருக்கும் என்று தெரிந்தும் போன மாசம் ஒன்றுக்கு நேராகக் கரண்ட் கொடுத்தேன், பட்டென்று வெடித்து வீடெல்லாம் நாற்றம். வேரியாக் வைத்து வோல்டேஜை மெல்ல ஏற்றிப் பார்க்கத் தெரிந்தவர் மதுரைப் பக்கம் இருந்தால் சொல்லுங்கள். சாப்பாடு நம் வீட்டில்தான்.