பேக்கரி நடத்தும் பெண் துப்பறியும் ஹானா ஸ்வென்சன் தொடர்: மேலே படிக்கலாமா?

ஜன்னலோரம்

ஜோஆன் ஃப்ளூக் எழுதும் ஹானா ஸ்வென்சன் கதைகளை இங்கே யாராவது தொடர்ந்து படித்திருக்கிறீர்களா? நான் முதல் புத்தகமான ‘சாக்லேட் சிப் குக்கீ மர்டர்’ மட்டும் முடித்திருக்கிறேன். 2000-இல் வந்த புத்தகம், என் கைக்கு இப்போதுதான் கிடைத்தது.

தெரியாதவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் லேக் ஈடன் என்று ஒரு கற்பனைச் சிற்றூர். ஹானா அங்கே ‘தி குக்கீ ஜார்’ என்று ஒரு பேக்கரி வைத்திருக்கிறாள். ஒரு நாள் காலையில் பால் கொண்டுவரும் ஆள் அவள் கடைக்குப் பின்னாலேயே வண்டிக்குள் சுடப்பட்டுக் கிடக்கிறான், சுற்றிலும் இவள் சுட்ட குக்கீகள் சிதறிக் கிடக்கின்றன (இரண்டுக்கும் தமிழில் ஒரே வினைச்சொல், நான் என்ன செய்ய). தங்கை கணவர் பில் ஷெரிஃப் அலுவலகத்தில் இருக்கிறார், பதவி உயர்வு வேண்டும், அதனால் ஊரில் பேசிக்கொள்வதைக் கொஞ்சம் கேட்டுச் சொல் என்று மச்சினியிடம் வந்து நிற்கிறார்.

நான் பஸ் ஸ்டாண்ட் கடையில் தொங்கும் மாத நாவல்களைப் படித்து வளர்ந்தவள். ராஜேஷ்குமாரைப் படித்தால் ராத்திரி தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போகவே பயமாக இருக்கும். இதில் பிணம் கிடைத்த கையோடு காபி போடுகிறார்கள், கதைக்கு நடுவே குக்கீ செய்முறை வேறு வருகிறது. எரிச்சல் வந்திருக்க வேண்டும், வரவில்லை, இரண்டு நாளில் முடித்துவிட்டேன். ஆனால் இந்தத் தொடரில் இருபதுக்கு மேல் புத்தகம் இருக்கிறதே, வரிசையாகத்தான் படிக்க வேண்டுமா, எந்த இடத்தில் சலித்துப்போகும்? அப்புறம் ஒரு சின்ன சந்தேகம்: இத்தனை கொலை நடக்கும் ஊரில், அதுவும் பிணத்தை எப்போதும் கடைக்காரியே கண்டுபிடிக்கிறாள் என்றால், அந்தக் கடைக்கு யார்தான் போவார்கள்?

கொலைகாரர் யார் என்று மட்டும் யாரும் உளறிவிடாதீர்கள்.

மூன்றாம்மாடி

வரிசையாகவே படியுங்கள். கொலைக்காக இல்லை, அது அந்தந்தப் புத்தகத்தோடு முடிந்துவிடும். ஆட்களுக்காகத்தான். வீடு வாங்கி விற்றுக் கொடுக்கும் தங்கை ஆண்ட்ரியா, எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட ஒற்றைக்கண் பூனை மோய்ஷே, முப்பதைத் தொடப்போகும் மூத்த மகளுக்கு மாப்பிள்ளை தேடுவதை விடவே விடாத அம்மா டெலோரஸ் (நம் வீட்டுக் கல்யாணங்களில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியம்மா ஒருத்தியைக் கொண்டுபோய்ப் பனியில் நிறுத்திய மாதிரி இருப்பார்), இவர்களெல்லாம் மெல்ல மெல்ல மாறுவது நடுவில் ஆரம்பித்தால் பிடிபடாது.

முதல் ஏழெட்டுப் புத்தகம்வரை தைரியமாகப் போகலாம். மூன்றாவதில் பெயர்பெற்ற ஒரு சமையல் நட்சத்திரம் ஹானாவின் கடைக்குள்ளேயே செத்துக் கிடக்கிறாள், போலீஸ் கடையை மூடிவிடுகிறது, பனிக்காலத் திருவிழா நேரத்தில் வியாபாரம் போய்விட்டது. எனக்கு ரொம்பப் பிடித்தது 2005-இல் வந்த ‘பீச் காப்ளர் மர்டர்’. எதிர்வரிசையில் இன்னொரு பேக்கரி திறந்து ஹானாவின் வாடிக்கையாளர்களை இழுத்துக்கொண்டு போகிறார்கள், இவள் தன் காலிக் கடையில் உட்கார்ந்து அங்கே நிற்கும் கூட்டத்தை ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டிய நிலை. அந்தக் கடைக்காரி கொலையானதும் சந்தேகம் யார் மேல் வரும் என்று சொல்லவே வேண்டாம்.

சலிப்பு எங்கே என்றால், காதலில். பல் டாக்டர் நார்மன் ஒரு பக்கம், போலீஸ் டிடெக்டிவ் மைக் ஒரு பக்கம். இரண்டு பேரும் கல்யாணத்துக்குக் கேட்கிறார்கள், இவள் ஒரு முடிவும் சொல்லாமல் இரண்டு பேருக்கும் சோறு போட்டுக்கொண்டே இருக்கிறாள், புத்தகத்துக்குப் பின் புத்தகமாக. 2016-இல் ‘வெட்டிங் கேக் மர்டர்’ வந்தது, கல்யாணம் நடந்தது. யாரோடு என்று சொல்லமாட்டேன். நான் புத்தகத்தைப் பாதியில் மூடிவிட்டுப் போய்த் துணி துவைத்தேன், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

கல்லாப்பெட்டி

நான் ஒரு சின்ன ஊரில் பேக்கரி வைத்திருக்கிறேன், அப்பா காலத்துக் கடை. இந்தத் தொடரை மனைவிதான் முதலில் படித்தாள், அப்புறம் என்னிடம் தள்ளினாள். கடைக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், இது பாதி நிஜம், பாதி கப்சா.

நிஜமான பாதி எது என்றால், கல்லாவில் நிற்பவனை யாரும் ஒரு ஆளாகவே எண்ணுவதில்லை. இரண்டு பேர் பப்ஸ் தின்றுகொண்டே வீட்டுச் சண்டை முழுவதையும் என் முன்னால்தான் பேசுவார்கள், மூன்றாவது ஆள் உள்ளே வந்தால் நிறுத்திவிடுவார்கள், அப்போது நான் யார்? போலீஸ்காரர் ஒரு வீட்டு வாசலில் போய் நின்றால் தெருவே எட்டிப்பார்க்கும், பேச வேண்டியவரும் வாயை மூடிக்கொள்வார். பேக்கரிக்கு ஒருவர் வந்துபோவதை யார் கவனிக்கப் போகிறார்கள்? பில் தன் மச்சினியிடம் வந்து நிற்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. முதல் புத்தகத்தில் லிப்ஸ்டிக் கறை படிந்த ஒரு காபிக் கப் வருமே, ஹானா அதை எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கா ஓடுகிறாள்? ஊரில் மேக்கப் சாமான் விற்கும் பெண்ணிடம்தானே போகிறாள். யார் எந்த நிறம் வாங்குகிறாள் என்று விற்கிறவளுக்குத் தெரியாதா? அந்த இடத்தில் எழுத்தாளருக்குக் கடை தெரியும் என்று நம்பினேன்.

எங்கள் கடைக்கு ஓய்வுபெற்ற ஒருவர் தினமும் சாயங்காலம் வருவார், தனியாள், ஒரு பன், ஒரு டீ. வருடக்கணக்காக அதே கணக்கு. ஒரு நாள் இரண்டு பன் கட்டச் சொன்னார். மறுநாளும் இரண்டு. நானும் டீ மாஸ்டரும் அவர் நாய் வளர்க்கிறார் என்று முடிவு கட்டி, என்ன நாய் என்றுகூட விவாதித்து முடித்துவிட்டோம். பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது, சொத்துத் தகராறில் பேச்சுவார்த்தை நின்றுபோன அவருடைய தம்பி வீட்டுக்கு வந்து தங்கியிருக்கிறார் என்று. ஊருக்குத் தெரியும் முன்னால் எங்களுக்குத் துப்புக் கிடைத்துவிட்டது, தப்பாகப் படித்துவிட்டோம்.

கப்சா எது? நேரம். பேக்கரிக்காரனுக்கு ராத்திரி மூன்று மணிக்கு அடுப்பு, பகலில் கடை, சாயங்காலம் அடுத்த நாள் சரக்குக் கணக்கு. இந்த அம்மா நினைத்தபோதெல்லாம் ஒரு பை குக்கீயைத் தூக்கிக்கொண்டு விசாரணைக்குக் கிளம்பிவிடுகிறாள். கடையை யார் பார்ப்பது? லிசா. அல்சைமர் வந்த அப்பாவை வைத்துக்கொண்டு, சின்ன வயதில், முழுக் கடையையும் இழுப்பவள் அவள்தான். பிறகு அவளைப் பங்குதாரராகச் சேர்த்துக்கொள்கிறார்கள், அதைப் படித்தபோதுதான் எனக்கு மனம் ஆறியது.

உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில் அந்தத் தொடரிலேயே இருக்கிறது. கொலை நடந்தால் கூட்டம் குறையாது, கூடும். பிந்தைய புத்தகங்களில் ஹானா பிணத்தைப் பார்த்த கதையை லிசா கடையில் நின்று நாடகம் மாதிரி சொல்வாள், அதைக் கேட்கவே ஆட்கள் உட்கார இடமில்லாமல் வருவார்கள், விற்பனை பிய்த்துக்கொண்டு போகும். சிரிக்காதீர்கள். எங்கள் கடை முன்னால் ஒரு முறை வேன் கவிழ்ந்தது, நல்ல வேளையாக யாருக்கும் பெரிய அடி இல்லை, அன்றைக்கு டீக்குப் பால் போதாமல் இரண்டு தடவை ஆள் அனுப்பினேன்.

பழையஅலமாரி

இந்த வகைக்கு கோஸி மிஸ்டரி என்று பெயர். ரத்தம், ஆபாசம், கெட்ட வார்த்தை எதுவும் பக்கத்தில் வராது, கொலைகூடப் பெரும்பாலும் நம் கண் முன்னால் நடக்காது. ஜன்னலோரம், நீங்கள் ராஜேஷ்குமாரோடு ஒப்பிட்டதால் சொல்கிறேன், இரண்டும் வேறு வேறு பண்டம். பயத்துக்காக இதைப் படித்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இந்த வகைக்கு மூதாட்டி என்றால் அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள். 1930-லேயே முழு நாவலில் வந்துவிட்டார், கையில் பின்னல் ஊசி, வாயில் கிராமத்து வம்பு. தொலைக்காட்சியில் ‘மர்டர், ஷீ ரோட்’ 1984 முதல் 1996 வரை 264 எபிசோட் ஓடியது, ஏஞ்சலா லான்ஸ்பரி நடித்தது. கேபட் கோவ் என்ற குட்டித் துறைமுக ஊரில் செத்தவர்களைக் கணக்குப் போட்டுப் பார்த்து, இந்த அபத்தத்துக்கே ‘கேபட் கோவ் சிண்ட்ரோம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதனால் லேக் ஈடனை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. இந்த மரபில் எழுதுபவர்களுக்கு அகதா பெயரிலேயே ஒரு விருது உண்டு, 1989 முதல் கொடுக்கிறார்கள், பரிசு என்ன தெரியுமா, ஒரு டீ பாட்.

ஃப்ளூக் மினசோட்டாவில் ஸ்வான்வில் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். எண்பதுகளில் எழுதியதெல்லாம் நடுங்க வைக்கும் திரில்லர்கள், குக்கீ பக்கம் வந்தது பிறகுதான். குளிர்காலத்தில் காரின் இன்ஜின் உறைந்துவிடாமல் இருக்க அதை மின்சாரத்தில் சொருகி வைக்கும் மாதிரி விஷயங்கள் கதையில் சாதாரணமாக வந்துபோவதற்கு அந்தப் பிறந்த ஊர்தான் காரணம் என்பது என் கட்சி.

நம்மிடம் இதற்குக் கிட்ட வருவது தேவனின் துப்பறியும் சாம்பு. பேங்க் குமாஸ்தா, கொலை கொள்ளையோடு ஒரு சம்பந்தமும் இல்லாத ஆள். ஆனால் சாம்புவுக்குத் துப்புக் கொடுப்பது அதிர்ஷ்டம், ஹானாவுக்குத் துப்புக் கொடுப்பது வம்பு.

கொத்துமல்லிக்கட்டு

யாருமே செய்முறையைப் பற்றிப் பேசவில்லையே! நான் முதல் புத்தகத்தில் வரும் சாக்லேட் சிப் கிரஞ்ச் குக்கீயைச் செய்துபார்த்தேன், கார்ன்ஃபிளேக்ஸை நொறுக்கிப் போடுவது. அளவெல்லாம் அமெரிக்கக் கணக்கு, வெண்ணெய் ஒரு ஸ்டிக் என்றால் 113 கிராம், வெப்பம் ஃபாரன்ஹீட்டில் இருக்கும், 350 என்று எங்காவது பார்த்தால் நம் ஓவனில் 177 செல்சியஸ் வைக்க வேண்டும், அப்படியே 350-ஐத் தேடாதீர்கள், என் நாத்தனார் தேடினார். பிரவுன் சுகருக்குப் பதிலாக நாட்டுச் சர்க்கரை போட்டேன், ருசி கொஞ்சம் மாறியது, எங்கள் வீட்டில் யாரும் புகார் சொல்லவில்லை. நம் ஊர் வெயிலுக்கு மாவை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுச் சுட்டால்தான் வட்டமாக வரும், இல்லையென்றால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே தோசையாகிவிடும். ஓவனிலிருந்து எடுத்ததும் மெத்தென்று இருக்கும், வேகவில்லை என்று திரும்பவும் உள்ளே தள்ளாதீர்கள், ஆறினால் மொறுமொறுவென்று ஆகிவிடும்.

கதை எனக்குச் சுமார்தான். கொலைகாரர் யார் என்று முக்கால்வாசியில் தெரிந்துவிட்டது.

ஜன்னலோரம்

எல்லோருக்கும் நன்றி. இரண்டாவது புத்தகம் ஆரம்பித்துவிட்டேன், சமையல் போட்டி நடுவர் ஒருவர் காலி. மூன்றாம்மாடி சொன்னபடி 2016 கல்யாணம் வரும்போது துணி துவைக்க மிச்சம் வைத்துக்கொள்கிறேன். பழையஅலமாரி, பயத்துக்காகப் படிக்கவில்லை என்று எனக்கே இப்போதுதான் புரிகிறது, அந்தக் கடையில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருக்கத்தான் திரும்பத் திரும்பப் போகிறேன்.

கல்லாப்பெட்டி அண்ணா, ஒரே ஒரு கேள்வி. அந்தப் பெரியவர் இப்போது எத்தனை பன் வாங்குகிறார்?

கல்லாப்பெட்டி

போன திங்கள்கிழமையிலிருந்து மூன்று. யாருக்கு என்று இன்னும் தெரியவில்லை. டீ மாஸ்டர் மறுபடியும் நாய் என்கிறார்.