புதுப்பிப்பு: பழைய கேடிலாக் அமரர் ஊர்திகளைக் கட்டியவர்கள்

1959 கேடிலாக் அமரர் ஊர்தி பற்றிய என் பதிவைப் படித்த பலர், "முழு வண்டியையும் கேடிலாக் கார் நிறுவனமே செய்ததா?" என்று கேட்டீர்கள். இல்லை. இன்ஜின், முன்பக்கத் தகடுகளோடு நீண்ட சேஸியை (வண்டியின் அடிச்சட்டத்தை)த்தான் அவர்கள் அனுப்புவார்கள். மீதியெல்லாம் பாடி கட்டும் நிறுவனங்களின் வேலை. பெரிய பெயர்கள் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில்: பிக்குவாவில் மில்லர்-மீட்டியர், லைமாவில் சுப்பீரியர், சின்சினாட்டியில் ஹெஸ் அண்ட் ஐசன்ஹார்ட்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 'காம்பினேஷன்' வண்டி, அதாவது அமரர் ஊர்தியாகவும் ஆம்புலன்ஸாகவும் ஓடும் ஒரே வண்டி. அன்று சிற்றூர்களில் ஆம்புலன்ஸையும் இறுதிச் சடங்கு நடத்துபவர்களே ஓட்டினார்கள். சவப்பெட்டியை உள்ளே தள்ளும் தரை உருளைகளைத் திருப்பிப் போட்டால் தளம் சமமாகிவிடும், ஸ்ட்ரெச்சர் ஏறும். பக்கக் கண்ணாடியை மறைக்கும் பலகைகளும் கழன்று வரும். என்ன அருமையான யோசனை!

அப்புறம், அமரர் ஊர்தியின் பக்கவாட்டில் இருக்கும் அந்த 'எஸ்' வடிவக் கம்பி, குதிரை வண்டியின் மடக்குக் கூரைக் கீலிலிருந்து வந்தது. காரில் அது அலங்காரம் மட்டுமே.