யு.வி. இண்டெக்ஸ் 11 காட்டினா ஓசோன் ஓட்டை நம்ம தலைக்கு மேல வந்துட்டுன்னு அர்த்தமா?

நிழல்தேடி:
மதியம் 12 மணிக்கு ஆப்பில் யு.வி. இண்டெக்ஸ் 11. வெப்பம் 29 டிகிரிதான், லேசா மேகமும் இருக்கு. ஓசோன் படலம் தேய்ஞ்சதாலதான் இப்படின்னு ஒரு ஃபார்வர்டு சுத்துது. மூணு சந்தேகம். அந்த 11-க்கும் ஓசோன் ஓட்டைக்கும் சம்பந்தம் இருக்கா? பழைய ஆர்-22 ஏ.சி.யைக் கழட்டும்போது உள்ள இருக்கிற கேஸைத் திறந்துவிட்டா எவ்வளவு கெடுதல், விடாம எப்படிக் கழட்டறது? எஸ்.பி.எஃப். 50 சன்ஸ்கிரீன் பூசியும் தோல் ஏன் கருக்குது?

முகில்நோக்கி:
முதல் கேள்விக்கு: சம்பந்தம் ரொம்பக் கம்மி. தோலைச் சிவக்க வைக்கிற புற ஊதா கதிர் (யு.வி.) சதுர மீட்டருக்கு 25 மில்லிவாட் விழுந்தா இண்டெக்ஸ் 1. அதை ஏத்தி இறக்கறதில் முதல் கை சூரியன் நிக்கிற உயரத்துக்குத்தான். சூரியன் உச்சியில் இருந்தா கதிர் ஓசோனை நேர்க்குத்தா கடந்து வருது. அடிவானத்திலிருந்து 30 டிகிரி உயரத்தில் இருந்தா சாய்வா வரணும், அதனால ஏறக்குறைய இரண்டு மடங்கு ஓசோனைக் கடக்கணும். ஆப் இல்லாமலே பார்க்கலாம்: வெயில்ல நேரா நில்லுங்க. உங்க உயரத்தைவிட நிழல் குட்டையா இருந்தா புற ஊதா பலமா இருக்குன்னு எடுத்துக்கலாம். நிழல் காலடிக்குள்ள சுருண்டுட்டா 11-ஐப் பார்த்து ஆச்சரியப்பட ஒண்ணுமில்லை.

29 டிகிரிங்கிறது காத்தோட சூடு. புற ஊதா தோலுக்குச் சுடாது, அதுதான் அதோட கெட்ட குணம். மெல்லிய மேகத்தை நம்பாதீங்க, பெரும்பகுதி அப்படியே ஊடுருவி வந்துடும். மலையேறினா 1,000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் கூடும்.

இன்னொண்ணு: தலைக்கு மேல இருக்கிற மொத்த ஓசோனையும் கடல்மட்ட அழுத்தத்தில், 0 டிகிரியில் அடுக்கினா தடிமன் 3 மில்லிமீட்டர்தான் வரும். அதுதான் 300 டாப்சன் அலகு. நிலநடுக்கோட்டை ஒட்டி இயல்பாவே 260 பக்கம்தான் நிக்கும். ஓசோன் அதிகமா உற்பத்தியாகிறதே அங்கேதான், ஆனா மேலடுக்குக் காத்தோட்டம் அதைத் துருவப் பக்கம் தள்ளிக்கிட்டுப் போயிடுது. அங்கே 260-ஐப் பார்த்து "தேய்ஞ்சுட்டு"ன்னு சொல்லக்கூடாது.

ஓட்டைன்னு சொல்றது 220-க்குக் கீழே போறதை. அண்டார்டிகாவில் செப்டம்பர், அக்டோபரில் நடக்குது. குளிர்காலத்தில் அங்கே சுழல்காத்து ஒரு வேலி மாதிரி சுத்திக்கும், உள்ளே வெப்பம் மைனஸ் 78 டிகிரிக்குக் கீழே இறங்கினா ஓசோன் இருக்கிற அடுக்கு மண்டலத்திலேயே மேகம் கட்டும். சி.எஃப்.சி. (பழைய ஃப்ரிட்ஜ், ஏ.சி. கேஸ்) உடைஞ்சு வந்த குளோரின் சாதாரணமா ஹைட்ரஜன் குளோரைடாவும் குளோரின் நைட்ரேட்டாவும் சாதுவா அடைபட்டுக் கிடக்கும். அந்த மேகத் துகள் மேல ரெண்டும் சந்திச்சா குளோரின் வாயுவா வெளியே வந்துடுது. வசந்தத்தில் வெயில் பட்டதும் அது அணுவா உடைஞ்சு ஓசோனைத் தின்ன ஆரம்பிக்கும். தின்னுட்டுத் தானும் தீரறதில்லை, மறுபடி விடுபட்டு அடுத்ததுக்குப் போகும். அதனாலதான் ஒரு அணுவே ஆயிரக்கணக்கில் அழிக்குது. ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின்னு மூணு விஞ்ஞானிகள் அண்டார்டிகாவில் இருக்கிற ஹாலி நிலைய அளவீடுகளை வெச்சு 1985-ல் வெளியே சொன்னது இந்த ஓட்டையைத்தான்.

ஃப்ளேர்நட்:
ரெண்டாவதுக்கு நான். ஆர்-22-ல குளோரின் இருக்கு. சி.எஃப்.சி.-11-ஐ 1-ன்னு வெச்சா ஆர்-22-ஓட ஓசோன் கெடுதல் 0.055. பார்க்கச் சின்னதுதான், ஆனா ஒரு கிலோ விட்டா புவி சூடாகிற கணக்கில் சுமார் 1,800 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஆர்-32, ஆர்-410ஏ ரெண்டிலும் குளோரின் இல்லை, ஓசோனுக்குச் சேதம் இல்லை. அதுக்காகத் திறந்து விடலாம்னு இல்லை: ஆர்-32-க்கு 675, ஆர்-410ஏ-க்கு 2,088. ஓசோனைக் காக்கிற மாண்ட்ரியல் உடன்படிக்கையில் 2016 கிகாலி திருத்தம் வந்ததே இந்த வகை கேஸ்களைக் குறைக்கத்தான்.

கம்ப்ரசர் ஓடற நிலையில் இருந்தா பம்ப் டவுன் பண்ணணும், அதாவது கேஸை அவுட்டோர் யூனிட்டுக்குள்ள இழுத்து அடைக்கணும். கூலிங்ல ஓடவிட்டு, தடிச்ச பைப் பக்கம் சர்வீஸ் போர்ட்டில் கேஜ் மாட்டுங்க. மெல்லிய பைப் வால்வை ஆலன் கீ போட்டு முழுசா மூடுங்க. முள் இறங்கும். பூஜ்யத்தை நெருங்கும்போது, இன்னும் லேசா அழுத்தம் இருக்கும்போதே, தடிச்ச பைப் வால்வையும் மூடிட்டு உடனே ஆஃப். "இன்னும் கொஞ்சம் இழுக்கட்டும்"னு வேக்யூமுக்கு விட்டா, லூசான ஃப்ளேர் (பைப் இணைப்பு) வழியா காத்து உள்ளே போகும். காத்து, ஆயில், அழுத்தச் சூடு மூணும் சேர்ந்தா கம்ப்ரசர் வெடிக்கும். கேஜ் இல்லாம, நேரத்தை எண்ணிக்கிட்டு பம்ப் டவுன் பண்றவங்க கையில வேலையைக் கொடுக்காதீங்க.

பலர் கோட்டை விடறது இதுக்கு அப்புறம்தான். பம்ப் டவுன் பண்ணினா கேஸ் அவுட்டோர் யூனிட்டுக்குள்ளதான் உட்கார்ந்திருக்கு. அதைக் காயலான் கடைக்குப் போட்டு அங்கே பைப்பை வெட்டினா பண்ணின வேலை அவ்வளவும் வீண். யூனிட் திரும்ப ஓடப்போறதில்லைன்னா ரிக்கவரி மெஷின் போட்டு சிலிண்டருக்கு இழுக்கணும். சிலிண்டரை முதல்ல வேக்யூம் பண்ணி, தராசு மேல வெச்சு, கொள்ளளவில் 80 சதவீதத்தோட நிறுத்தணும். மீதி இடம் திரவம் சூட்டில் விரியறதுக்கு. முழுக்க ரொப்பினா சிலிண்டர் கிழியும். ஆர்-22-ம் ஆர்-410ஏ-வும் ஒரே சிலிண்டரில் கலந்தா திரும்பச் சுத்திகரிச்சு எடுக்கறது அநேகமா நடக்காது, அழிக்கத்தான் போகணும்.

பழைய ஆர்-22 மெஷினில் ஆர்-290 போட்டுத் தரேன்னு சொன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க. அது புரொப்பேன். அந்த மெஷினோட சுவிட்சும் ரிலேவும் எரியற கேஸுக்காகச் செஞ்சதில்லை.

சந்தேகப்பேர்வழி:
சி.எஃப்.சி.-12 காத்தைவிட 4 மடங்கு கனம். அது எப்படி 20 கிலோமீட்டர் மேலே ஏறும்? கடல் உப்பிலும் எரிமலையிலும் இல்லாத குளோரினா?

முகில்நோக்கி:
கனம் நியாயமான கேள்வி. ஆனா தரையிலிருந்து 100 கிலோமீட்டர் வரைக்கும் காத்து கலங்கிக்கிட்டே இருக்கு. கலங்கற வேகத்துக்கு முன்னாடி எடைப்படி அடுக்கறது எடுபடாது. இல்லேன்னா ஆர்கான் எல்லாம் தரையில் படிஞ்சிருக்கும். உப்பும் எரிமலையின் ஹைட்ரஜன் குளோரைடும் தண்ணியில் கரையும், பெரும்பாலும் மழையோட இறங்கிடும். சி.எஃப்.சி. கரையாது, கீழே எதோடயும் வினை புரியாது. சும்மா மிதந்து மேலே போய், கடும் புற ஊதாவில்தான் உடையும். ரௌலண்டும் மோலினாவும் 1974-ல் எழுதினது இந்தக் கணக்கைத்தான். கைரேகை மாதிரி ஒண்ணும் இருக்கு: அடுக்கு மண்டலத்தில் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு சேர்றதை செயற்கைக்கோள் அளந்திருக்கு. சி.எஃப்.சி.யில் குளோரினோட ஃப்ளோரினும் இருக்கு, கடல் உப்பால அதை அந்த அளவுக்குத் தரமுடியாது.

1987 மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகும் ஏன் இழுத்துக்கிட்டே போகுதுன்னா, சி.எஃப்.சி.-12 ஏறத்தாழ 100 வருஷம் காத்தில் இருக்கும். ஐ.நா.வின் 2022 ஓசோன் மதிப்பீட்டின்படி, இப்போதைய விதிகள் நின்னா, ஓசோன் 1980 அளவுக்குத் திரும்பறது ஆர்க்டிக்கில் 2045, அண்டார்டிகாவில் 2066, மத்த இடங்களில் 2040 வாக்கில்.

தோல்காப்பியன்:
மூணாவது கேள்விக்கு அளவுதான் பதில். எஸ்.பி.எஃப். எண்ணைச் சோதிக்கிறது சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் தடவி. பெரியவங்க தோல் சுமார் 17,000 சதுர சென்டிமீட்டர், அதாவது உடம்பு முழுக்க 34 கிராம். 50 கிராம் ட்யூப் ஒண்ணரைத் தடவைக்கு வரும். மாசக்கணக்கா வருதுன்னா நீங்க தடவறது 50 இல்லை. முகம், கழுத்துக்கு ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டுக்கும் அடியிலிருந்து நுனிவரை ஒரு கோடு பிதுக்குங்க. காது, பின்கழுத்து, பாதத்தோட மேல்பக்கம் விட்டுப்போகும், பார்த்துக்குங்க.

வெளியே போக 15 நிமிஷம் முன்னாடி, பிறகு 2 மணிக்கொரு தரம், வேர்த்தாலோ துடைச்சாலோ உடனே. 30 தடுக்கறது 97 சதவீதம், 50 தடுக்கறது 98. எஸ்.பி.எஃப். எண்ணை ஏத்தறதைவிடத் தடவற அளவை ஏத்தறது பலன். புற ஊதாவில் யு.வி.ஏ., யு.வி.பி.ன்னு ரெண்டு வகை தரைக்கு வருது. எஸ்.பி.எஃப். பெரும்பாலும் யு.வி.பி.யைச் சொல்லும். கருக்கறதில் யு.வி.ஏ.வுக்கும் பெரிய பங்கு இருக்கு, அதனால ட்யூப்பில் பி.ஏ. (யு.வி.ஏ. தடுப்பு அளவு) பக்கத்துல எத்தனை கூட்டல் குறின்னு பாருங்க. யு.வி.ஏ.வை ஓசோன் பெரிசா தடுக்கறதே இல்லை, படலம் முழுசா இருந்தாலும் வரும்.

இண்டெக்ஸ் 11-ல ஒரு மணி நேரம் நின்னா சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 990 ஜூல். சிவப்புத் தட்டறதுக்கு வெளிர்த்தோலுக்கு 200 முதல் 300 போதும், கருத்த தோல் இன்னும் தாங்கும். அதனால களிம்பு கடைசி வரிசை. முதல்ல நேரம், அப்புறம் நிழல், முழுக்கைச் சட்டை, சுத்திலும் விளிம்புள்ள தொப்பி. துணியைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடிங்க, இழைக்கு நடுவுல வானம் தெரிஞ்சா அந்த வழியா யு.வி.யும் வரும்.

நிழல்தேடி:
கறுப்புக் கண்ணாடி? கார் கண்ணாடிக்குப் பின்னால உட்கார்ந்தா?

தோல்காப்பியன்:
கறுப்புக்கும் யு.வி. தடுப்புக்கும் சம்பந்தமில்லை. தடுப்பே இல்லாத கறுப்பு, வெறுங்கண்ணைவிட மோசமாகலாம். கண்மணி விரியும், யு.வி. தாராளமா உள்ளே போகும். "யு.வி. 400"னு இருக்கணும், பக்கவாட்டிலும் மூடணும். காரில் முன்கண்ணாடி ரெண்டு அடுக்குக்கு நடுவுல பிளாஸ்டிக் ஏடு வெச்சது, யு.வி.ஏ.யை அநேகமா முழுசா நிறுத்திடும். பக்கக் கண்ணாடி பல வண்டியில் வெறும் டெம்பர்ட் (சூடேத்திக் கடினமாக்கின ஒற்றை அடுக்கு). யு.வி.பி. நிக்கும், யு.வி.ஏ. கணிசமா வரும். ஜன்னல் பக்கத்துக் கை மட்டும் கருக்கறது அதனாலதான்.